குறைந்த விலையில் நம்பகமான ஸ்கோப்: கொழும்பில் இலக்குச் சுடுவோருக்கான முழுமையான வழிகாட்டி

ஸ்கோப் என்பது ரைபிளின் மேல் பூட்டிக் குறி பார்க்கும் சிறு தொலைநோக்கி. நான் முதலில் வாங்கியது 6-24×50. பெட்டியில் இருந்த எண்களைப் பார்த்துத்தான் வாங்கினேன். 24 மடங்கு பெரிதாகக் காட்டும், உள்ளே சிவப்பிலும் பச்சையிலும் வெளிச்சம் எரியும், விலையும் என் கைக்குள் அடங்கியது. அதன்பின் மூன்று மாதம், ஞாயிறு தோறும் விடிய எழும்பி வெள்ளவத்தையிலிருந்து துப்பாக்கிச் சுடும் கழகத்தின் ரேஞ்சுக்குப் போனேன். 25 மீற்றரில் ஐந்து ஐந்தாகச் சுட்டேன். ஒவ்வொரு வாரமும் துளைகள் வேறோர் இடத்தில் விழுந்தன. மூச்சு சரியில்லை, தோள் சரியில்லை என்று என்னையே திருத்திக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கழகத்தின் மூத்த அண்ணை ஒருவர் ரைபிளை வாங்கி ஐந்து குண்டு சுட்டார். ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் குமிழை நாற்பது கிளிக் மேலே திருப்பினார், அதே நாற்பது கிளிக் கீழே இறக்கினார், மறுபடி ஐந்து சுட்டார். இரண்டாவது துளைக் கூட்டம் முதல் கூட்டத்திலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி விழுந்திருந்தது.

"தம்பி, நீர் பிழையாச் சுடேல்லை. இந்தக் குழாய்தான் போன இடத்திலிருந்து திரும்பி வருகுதில்லை" என்றார்.

கையில் பணம் குறைவாக இருக்கும்போது அதை மூன்று விஷயத்துக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்பதை அன்று விளங்கிக்கொண்டேன். திருப்பிய அளவுக்கு அசைந்து, திரும்பவும் பழைய இடத்துக்கு வரும் குமிழ்கள் முதலாவது. நீங்கள் சுடும் தூரத்துக்குப் பொருந்தும் பரலக்ஸ், அதாவது கண் விலகினாலும் குறி விலகாதபடி செய்யும் பொருத்தம், இரண்டாவது. ஸ்கோப்பை ரைபிளோடு பிடித்துவைக்கும் அசையாத மவுண்ட் மூன்றாவது. மிச்சம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கலாம்.

தொடங்குமுன்: அனுமதியும் கழகமும்

இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுமதிப்பத்திரத்துக்குப் பாதுகாப்பு அமைச்சு வரை போக வேண்டும். எனவே ஸ்கோப் பற்றி யோசிக்க முன்பே, எந்த ரைபிளில், எந்தக் கழகத்தில், எந்த அனுமதியுடன் சுடப்போகிறீர்கள் என்பது முடிவாகியிருக்க வேண்டும். கழகத்தின் ரைபிளில் பழகுபவர் என்றால் அதில் ஸ்கோப் பூட்ட விடுவார்களா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களின் ஸ்கோப் அலுமாரியில் கிடக்கிறது.

படி 1: உங்கள் போட்டியில் ஸ்கோப் உண்டா?

இதைப் பலர் கேட்பதில்லை. 2020 டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல இலங்கைக்காக 10 மீற்றர் எயார் ரைபிளில் பங்குபற்றியதைப் பார்த்து இந்த விளையாட்டுக்கு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் போட்டியில் ஸ்கோப் கிடையாது. சர்வதேச விதிப்படி 10 மீற்றர் எயார் ரைபிளிலும் 50 மீற்றர் ரைபிளிலும் சிறு துளை வழியே பார்க்கும் டயோப்டர் குறிகாட்டிதான் பாவிக்கப்படுகிறது. உங்கள் மகனோ மகளோ அந்த வழியில் போக விரும்பினால், ஸ்கோப்புக்கு வைத்த பணத்தில் ஒரு நல்ல சுடும் ஜாக்கெற் வாங்கிக் கொடுங்கள். ஜாக்கெற் பல வருடம் உதவும்.

ஸ்கோப் தேவைப்படுவது ரைபிளைப் பெஞ்சில் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட், ஃபீல்ட் டார்கெட், கழகத்துக்குள் நடக்கும் ஸ்கோப் பிரிவுப் போட்டிகள், இவற்றோடு வெறுமனே கடதாசி இலக்கில் தன்னைத் தானே அளந்து பார்க்கும் பயிற்சி ஆகியவற்றுக்குத்தான். ஃபீல்ட் டார்கெட்டில் இலக்குகள் ஏறக்குறைய 8 மீற்றரிலிருந்து 50 மீற்றர் வரை வெவ்வேறு தூரத்தில் இருக்கும். பெஞ்ச்ரெஸ்டில் தூரம் மாறாது. இந்த ஒரு வித்தியாசமே ஸ்கோப் தெரிவைப் பாதி முடித்துவிடும்.

படி 2: தூரத்திலிருந்து உருப்பெருக்கம்

4-12×40 என்றால் 4 முதல் 12 மடங்கு வரை பெரிதாக்கும், முன் வில்லையின் விட்டம் 40 மில்லிமீற்றர். தூரத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 50 மீற்றரில் உள்ள இலக்கை 12 மடங்கில் பார்த்தால் அது ஏறக்குறைய நாலு மீற்றரில் இருப்பதுபோலத் தெரியும். உங்கள் வரவேற்பறையின் நீளம் அவ்வளவுதான். அந்தத் தூரத்தில் சுவரில் ஒட்டிய கடதாசியில் ஒரு .22 குண்டுத் துளையை, அதாவது 5.6 மில்லிமீற்றர் துளையை, பார்க்க முடியாதா? தாராளமாக முடியும்.

அதனால் 10 முதல் 25 மீற்றர் வரை சுடுபவருக்கு 3-9 போதும். 50 மீற்றருக்கு 4-12 நல்லது. 6-18க்கு மேல் போக வேண்டியவர் பெஞ்சில் பையில் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட்காரர் மட்டும். மலிவான ஸ்கோப்பில் உருப்பெருக்கத்தின் மேல் முனை பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். என் 6-24இல் 16ஐத் தாண்டியதும் படம் பால் கலந்ததுபோல மங்கியது.

கொழும்புச் சுற்றாடலில் இன்னொரு காரணமும் உண்டு. காலை ஒன்பதரை, பத்துக்குப் பிறகு நிலம் சூடாகி, ரேஞ்சின் மணலுக்கு மேலே காற்று நடுங்கத் தொடங்கும். ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாட்களில் இது மிகவும் மோசம். 20 மடங்கில் பார்த்தால் இலக்கு கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல இருக்கும். அப்போது எல்லோரும் 10, 12க்குத்தான் இறக்குகிறார்கள். இறக்கிப் பாவிக்கத்தான் போகிறோம் என்றால் மேலதிக மடங்குக்கு ஏன் காசு?

படி 3: பரலக்ஸ்

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது இடமாறு தோற்ற வழு. அளவுகோலைச் சரிவாகப் பார்த்தால் வாசிப்புப் பிழைக்கும் அல்லவா, அதேதான். ஸ்கோப்புக்குள் இலக்கின் விம்பமும் குறி வைக்க உள்ளே தெரியும் குறுக்குக் கம்பியும் ஒரே தளத்தில் விழாவிட்டால், கண் சற்று விலகும்போது கம்பி இலக்கின் மேல் வழுக்கும். நீங்கள் நடுவில் வைத்ததாக நினைப்பீர்கள். ரைபிள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

சரிசெய்யும் வளையம் இல்லாத ஸ்கோப்களைத் தொழிற்சாலையிலேயே ஒரு தூரத்துக்குப் பொருத்தி விடுகிறார்கள். பெரிய ரைபிளுக்கான ஸ்கோப்களில் அது பெரும்பாலும் 100 யார், அதாவது 91 மீற்றர். .22 ரிம்ஃபயர் ஸ்கோப்களில் பெரும்பாலும் 50 யார், அதாவது 46 மீற்றர். இதனால் வரக்கூடிய ஆகக்கூடிய பிழையை நீங்களே கணக்கிடலாம். முன் வில்லையின் விட்டத்தில் பாதியை எடுங்கள். ஸ்கோப் பொருத்தப்பட்ட தூரத்துக்கும் நீங்கள் சுடும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் அதைப் பெருக்குங்கள். வந்ததைப் பொருத்தப்பட்ட தூரத்தால் வகுங்கள்.

40 மில்லிமீற்றர் வில்லையுள்ள, 91 மீற்றருக்குப் பொருத்திய ஸ்கோப்பால் 25 மீற்றரில் சுட்டால்: 20 × 66 ÷ 91. ஏறக்குறைய 14.5 மில்லிமீற்றர். 10 மீற்றரில் அதுவே ஏறக்குறைய 18 மில்லிமீற்றர் ஆகிவிடும். 10 மீற்றர் எயார் ரைபிள் இலக்கு முழுவதுமே 45.5 மில்லிமீற்றர் விட்டம்தான், அதன் நடுப் புள்ளி வெறும் அரை மில்லிமீற்றர். கண் முழுதாக ஓரத்துக்குப் போனால்தான் இந்தப் பிழை முழுதாக வரும், உண்மை. ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே ஒரு புதியவர் தன் கையைக் குறை சொல்லத் தொடங்கிவிடுவார்.

மறுபக்கம் பாருங்கள். 46 மீற்றருக்குப் பொருத்திய ரிம்ஃபயர் ஸ்கோப்பால் 50 மீற்றரில் சுட்டால் ஆகக்கூடிய பிழையே 2 மில்லிமீற்றருக்குள் நிற்கிறது. ஒரே தூரத்தில், .22 ரைபிளில், 50 மீற்றரில் மட்டும் சுடுபவருக்கு வளையம் இல்லாத மலிவான 2-7×32 ரிம்ஃபயர் ஸ்கோப்பே மிக நல்ல தெரிவு. அதே ஸ்கோப்பை 25 மீற்றருக்குக் கொண்டுபோனால் பொருந்தாது.

எயார் ரைபிளுக்கோ பல தூரங்களுக்கோ என்றால் சரிசெய்யும் வளையம் கட்டாயம். அது முன் வில்லையைச் சுற்றி இருக்கலாம், ஏ.ஓ. என்பார்கள், அல்லது இடது பக்கத்தில் ஒரு குமிழாக இருக்கலாம். பக்கக் குமிழ் வசதி, ஆனால் விலை கூடும். இலக்குச் சுடுபவருக்கு முன் வளையமே போதும். பார்க்க வேண்டியது ஒன்று: அது எவ்வளவு கிட்டத்துக்கு இறங்குகிறது? 10 யார், அதாவது 9 மீற்றர் வரை இறங்க வேண்டும். சில மொடல்கள் 15, 20 யாருடன் நின்றுவிடும். அவற்றால் 10 மீற்றரில் சுட முடியாது.

வளையத்தில் எழுதியிருக்கும் எண்களை முழுதாக நம்ப வேண்டாம். ரைபிளைப் பையில் அசையாமல் வைத்து, தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கம்பி இலக்கின் மேல் ஒட்டியதுபோல நிற்கும் இடம்தான் சரியான இடம். அங்கே வெள்ளைப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

படி 4: கிளிக் எவ்வளவு நகர்த்துகிறது?

குமிழின் நகர்வைக் கோணமாக அளக்க இரண்டு அளவு முறைகள் உண்டு. ஒன்று எம்.ஓ.ஏ. 100 மீற்றரில் 1 எம்.ஓ.ஏ. என்பது 29 மில்லிமீற்றர். மற்றது மில். 100 மீற்றரில் 1 மில் என்பது 100 மில்லிமீற்றர். பெரும்பாலான மலிவு ஸ்கோப்களில் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. அல்லது 0.1 மில்.

மீற்றரில் சிந்திப்பவர்களுக்கு மில்லே இலகு. 0.1 மில் கிளிக் 100 மீற்றரில் 10 மில்லிமீற்றர், 50இல் 5, 25இல் 2.5, 10இல் 1. மனக்கணக்குப் போதும். ஆனால் கால் எம்.ஓ.ஏ. கிளிக் இதைவிட நுணுக்கமானது: 50 மீற்றரில் ஏறக்குறைய 3.6 மில்லிமீற்றர், 25இல் 1.8. சர்வதேச 50 மீற்றர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீற்றர். இதில் நடுவைப் பிடிக்க 5 மில்லிமீற்றர் கிளிக் கொஞ்சம் முரடு. ஒரே தூரத்தில் புள்ளிகளுக்காகச் சுடுபவருக்குக் கால் எம்.ஓ.ஏ. என்பது என் பரிந்துரை.

படி 5: விரைவாகக் கடக்க வேண்டியவை

முன் வில்லை 40 மில்லிமீற்றர் போதும். 50 மில்லிமீற்றர் பாரத்தையும் மவுண்டின் உயரத்தையும் கூட்டும். வில்லை விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40ஐ 10ஆல் வகுத்தால் 4. பகல் வெளிச்சத்தில் கண்மணி அதற்கு மேல் விரியாது.

குழாய் ஒரு அங்குலமாக இருந்தாலும் 30 மில்லிமீற்றராக இருந்தாலும் இலக்குச் சுடுபவருக்குப் பெரிய வித்தியாசமில்லை. உள்ளே எரியும் வெளிச்சம் வேண்டாம். கம்பி முதல் குவியத் தளத்திலா (உருப்பெருக்கும்போது கம்பியும் பெருக்கும்) இரண்டாவதிலா என்று கேட்பார்கள்: தூரம் தெரிந்த இலக்குக்கு இரண்டாவதே நல்லது. விலை குறைவு, உருப்பெருக்கினாலும் கம்பி தடிக்காது. நடுவில் மெல்லிய கம்பி அல்லது சிறு புள்ளி இருக்கட்டும். தடித்த கம்பி நடுவட்டத்தையே மூடிவிடும்.

படி 6: என்ன ரைபிளில் பூட்டுகிறீர்கள்?

.22 ரைபிளின் உதைப்பு மிகச் சிறிது. காற்றடைத்த பி.சி.பி. எயார் ரைபிளில் உதைப்பே இல்லை என்று சொல்லலாம். ஆனால் மடித்து இழுக்கும் ஸ்பிரிங் எயார் ரைபிள் அப்படியல்ல. பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னே உதைக்கும். பிஸ்டன் சிலிண்டரின் முனையில் மோதி நிற்கும்போது ரைபிள் முன்னே இழுபடும். பெரிய ரைபிளின் பின் உதைப்பை மட்டும் தாங்குவதற்குச் செய்த ஸ்கோப்புக்குள் உள்ள பாகங்கள் இந்த முன் இழுப்பில் கழன்றுவிடும். "சின்ன எயார் ரைபிள்தானே, எதுவும் பூட்டலாம்" என்பது இந்த விளையாட்டில் மிகவும் செலவு வைக்கும் தவறான நம்பிக்கை. எயார் ரைபிளுக்கு உத்தரவாதம் உண்டு என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லும் மொடலை மட்டும் வாங்குங்கள்.

படி 7: பணமும் வாங்கும் இடமும்

ரூபாயில் விலை சொன்னால் அடுத்த மாதமே அது பொய்த்துவிடும் என்பதால் வெளிநாட்டு விலையை டொலரில் சொல்கிறேன். ஏறக்குறைய 120 முதல் 250 டொலர் வரையான ஸ்கோப்கள்தான் நமக்கு ஏற்ற மலிவு வகை. ஹாக் வான்டேஜ் 4-12×40 ஏ.ஓ., வோர்டெக்ஸ் குரொஸ்ஃபயர் டூ 4-12×40 ஏ.ஓ. போன்றவை இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர்கள். சீனத் தயாரிப்புகளில் வெக்டர் ஒப்டிக்ஸ், டிஸ்கவரி என்பவற்றிலும் நல்ல மொடல்கள் உண்டு. ஆனால் பெயரை விட உங்கள் கையில் வரும் அந்த ஒரு ஸ்கோப்பைச் சோதிப்பதே முக்கியம். ஒரே மொடலில் ஒன்று நன்றாகவும் ஒன்று மோசமாகவும் இருப்பது இந்த விலையில் சாதாரணம்.

மொத்தப் பணத்தில் நாலில் ஒன்றையாவது மவுண்டுக்கு ஒதுக்குங்கள். பெட்டியோடு இலவசமாக வரும் வளையங்களை நான் இப்போது பாவிப்பதே இல்லை.

வாங்குவதில் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் துப்பாக்கி ஸ்கோப் இருக்கிறது. அதனால் அங்குள்ள பல விற்பனையாளர்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மச்சானிடம் சொல்லி பயணப்பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லும் வழி நம்மிடையே உண்டு. தயவுசெய்து வேண்டாம். கட்டுநாயக்காவில் எக்ஸ்ரேயில் அது துப்பாக்கிப் பாகமாகத்தான் தெரியும்; விளக்கம் சொல்ல நிற்கப்போவது நீங்கள் அல்ல, அவர். கழகம் அல்லது தேசிய சம்மேளனம் ஊடாகச் சுங்கத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, கிடைக்கும் பதிலைக் கோப்பில் வைத்துக்கொண்டு, அதன்பின் ஓடர் செய்யுங்கள்.

கழகத்துக்குள் பாவித்த ஸ்கோப் கைமாறுவதும் உண்டு. என் அனுபவத்தில் குறைந்த பணத்தில் நல்ல பொருள் கிடைப்பது அங்கேதான், ஏனென்றால் விற்பவர் அதை வைத்துச் சுட்டதை நீங்கள் கண்ணால் கண்டிருப்பீர்கள். ஆயுட்கால உத்தரவாதத்துக்காக மட்டும் அதிக விலை கொடுக்காதீர்கள். பழுதான ஸ்கோப்பை வெளிநாட்டுக்கு அனுப்பித் திரும்ப எடுக்கும் செலவும் கடதாசி வேலையும் இங்கே பெரிது.

படி 8: சுடாமலே சோதித்தல்

நமக்கு ரேஞ்ச் நேரம் குறைவு, குண்டும் விலை. அதனால் சுட முன் செய்யும் சோதனைகள் பொன் போன்றவை. ஒரு வேண்டுகோள்: ஸ்கோப்பை மாடியில் நின்று தெருவை நோக்கிப் பிடிக்காதீர்கள். ரைபிள் இல்லாமல் குழாய் மட்டும் கையில் இருந்தாலும்கூடத்தான். கோட்டையிலோ காலிமுகத்திடலிலோ அதைச் செய்தால் சில நிமிடத்தில் பொலிஸ் வரும், அவர்கள் வருவதும் நியாயம். ரேஞ்சிலோ, ஒரு மண்டபத்தின் உள்ளேயோ, நீண்ட நடைபாதையிலோ செய்யுங்கள்.

முதலில் டோச் லைட். முன் வில்லை வழியே வெளிச்சத்தைச் சரிவாகப் பாய்ச்சி, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போலவோ பனிக்கட்டிப் பூ போலவோ மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். பாவித்த ஸ்கோப்பில் அதைக் கண்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம். இரண்டு மூன்று தூசுத் துணிக்கைகள் பரவாயில்லை. காதருகே வைத்து மெல்ல ஆட்டுங்கள். எதுவும் கிலுங்கக் கூடாது.

பிறகு ஒரு பத்திரிகைப் பக்கத்தை 25 மீற்றரில் ஒட்டுங்கள். சிறு எழுத்துகளை நடுவிலும் ஓரத்திலும் வாசித்துப் பாருங்கள். ஓரத்தில் சற்று மங்கலாம். நடுவில் கறுப்பு எழுத்தைச் சுற்றி ஊதா நிற விளிம்பு தடிப்பாகத் தெரிந்தால் வில்லை நல்லதல்ல.

அடுத்தது என் மூன்று மாதத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சோதனை. ஒரு பெரிய தாளில் மில்லிமீற்றர் அளவுகோல் போல நெடுங்கோடு வரைந்து, 25 மீற்றரில் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். ஸ்கோப்பை அசையாத பிடியில் இறுக்கி, பரலக்ஸைச் சரிசெய்து, கம்பியைப் பூச்சியத்தில் வையுங்கள். 0.1 மில் குமிழ் என்றால் ஐம்பது கிளிக் திருப்புங்கள். கம்பி 125 மில்லிமீற்றர் நகர்ந்திருக்க வேண்டும். கால் எம்.ஓ.ஏ. என்றால் நாற்பது கிளிக்குக்கு ஏறக்குறைய 73 மில்லிமீற்றர். நூறுக்கு இரண்டு, மூன்று வீத வித்தியாசத்தை இந்த விலையில் மன்னிக்கலாம். ஒவ்வொரு முறையும் அதே வித்தியாசம் வந்தால் அதைக் குறித்துவைத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். திரும்பிப் பூச்சியத்துக்கு வராவிட்டால் மட்டும் மன்னிக்கவே வேண்டாம். பத்துத் தடவை போய் வாருங்கள். பத்துத் தடவையும் கம்பி அதே கோட்டில் வந்து நிற்க வேண்டும். பக்கவாட்டுக் குமிழுக்கும் இதையே செய்யுங்கள்.

கடைசியாக, உருப்பெருக்கும் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுற்றுங்கள். கம்பியின் நடு இலக்கில் அதே புள்ளியில் நிற்கிறதா பாருங்கள். நகர்ந்தால், ஒரே உருப்பெருக்கத்தில் மட்டும் பாவிப்பது என்று தீர்மானிக்க வேண்டும், அல்லது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

படி 9: பூட்டுதல்

ஒரு பேச்சுக்குச் சொல்வதென்றால், "ஸ்கோப் பழுது" என்று கழகத்துக்கு வருபவர்களிடம் அண்ணை முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "மவுண்டைப் பார்த்தனீரோ?"

எயார் ரைபிள்களிலும் பல .22 ரைபிள்களிலும் மேலே இரண்டு தவாளிப்பு வெட்டியிருக்கும். 11 மில்லிமீற்றர் டவ்டெயில் என்பார்கள். மற்றவற்றில் அகலமான, குறுக்கே வெட்டுள்ள பிக்கட்டினி ரெயில் இருக்கும். இரண்டுக்கும் மவுண்ட் வேறு. வாங்க முன் ரெயிலின் அகலத்தை ஒரு அளவிடும் கலிப்பரால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

ஸ்பிரிங் எயார் ரைபிள் என்றால் பின்னால் நகராதபடி தடுக்கும் ஊசி உள்ள மவுண்ட் வேண்டும். ரைபிளில் அதற்கென ஒரு துளை இருக்கும். இரண்டு தனி வளையங்களை விட ஒரே துண்டாக உள்ள மவுண்ட் இங்கே நல்லது.

கண் தூரம் பார்ப்பது இப்படி: வளையங்களைத் தளர்வாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் இயல்பாகப் பதியுங்கள். கன்னம் வழக்கமான இடத்தில் வந்ததும் கண்ணைத் திறவுங்கள். வட்டம் முழுதாகத் தெரிந்தால் சரி. கறுப்பு விளிம்பு தெரிந்தால் ஸ்கோப்பை முன்னே பின்னே நகர்த்துங்கள். தலையை நகர்த்திச் சமாளிக்காதீர்கள், அது பரலக்ஸ் பிழையாகத் திரும்பி வரும். ஆகக்கூடிய உருப்பெருக்கத்தில் வைத்து இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் அங்கேதான் கண் நிற்கும் இடம் ஆகக் குறுகல்.

கம்பியை நேராக்க ஒரு மேசனிடம் தூக்குக் குண்டை இரவல் வாங்குங்கள். நூலை 10 மீற்றரில் தொங்கவிட்டு, ரைபிளைச் சமமாக வைத்து, நெடுக்குக் கம்பியை நூலோடு பொருத்துங்கள். இதைவிட நேரான கோடு எந்தக் கருவியிலும் கிடையாது.

ஸ்குரூக்களைக் குறுக்காக மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். வளையத்தின் மேல் ஸ்குரூக்களுக்கு 2 நியூட்டன் மீற்றர் அளவு போதும். பலமாக இறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே கம்பியைத் தாங்கும் பாகம் சிக்கிக்கொள்ளும். ரெயிலைப் பிடிக்கும் ஸ்குரூக்களுக்கு மவுண்ட் தயாரிப்பாளர் தரும் அளவைப் பாருங்கள். எல்லாம் முடிந்தபின் ஸ்குரூவின் தலையிலிருந்து மவுண்ட் வரை நகப்பூச்சால் ஒரு சிறு கோடு இழுத்துவிட்டால், பிறகு ஏதாவது தளர்ந்தால் கோடு முறிந்திருக்கும், கண்டதும் தெரியும்.

படி 10: பூச்சியமாக்கல்

கம்பி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி செய்வதுதான் பூச்சியமாக்கல். முதலில் 10 மீற்றரில் தொடங்கி, துளை தாளில் விழுவதை உறுதிசெய்த பின் உங்கள் தூரத்துக்குப் போங்கள். ஒரு குண்டைப் பார்த்துக் குமிழைத் தொடாதீர்கள். ஐந்து சுட்டு, ஐந்தின் நடுவை எடுத்து, அதை அளந்து கிளிக்காக மாற்றுங்கள். 50 மீற்றரில் 18 மில்லிமீற்றர் கீழே என்றால் கால் எம்.ஓ.ஏ. குமிழில் ஐந்து கிளிக் மேலே. திருப்பியபின் இரண்டு குண்டை எண்ணாமல் விடுங்கள். மலிவு ஸ்கோப்களில் உள்ளிருக்கும் ஸ்பிரிங் படிய அது உதவும்.

குமிழ் அதன் எல்லைக்குக் கிட்டப் போகிறதென்றால் நிறுத்துங்கள். எல்லையில் உள் ஸ்பிரிங்கின் அழுத்தம் தளர்ந்து குறி அலையத் தொடங்கும். மடித்து இழுக்கும் எயார் ரைபிள்களில் குழல் சற்றுக் கீழ்நோக்கி இருப்பதால் இது அடிக்கடி வரும். அதற்கென்றே சரிவை ஈடுசெய்யும் மவுண்ட் கிடைக்கிறது. குமிழ் நடுவிலிருந்து வெகுதூரம் போகாமல் அதுவே வேலையைச் செய்யும்.

இன்னொன்று: ஒரே பெயருள்ள குண்டானாலும் பெட்டிக்குப் பெட்டி குறி மாறலாம். புதிய பெட்டி திறந்தால் முதல் ஐந்தை அதற்காக ஒதுக்கி, நாள், தூரம், குண்டு, கிளிக் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

படி 11: கொழும்பின் ஈரப்பதத்திலிருந்து காப்பாற்றுதல்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி அநேகமாக இருக்காது. நமக்கு இதுவே பெரிய பகை. கடற்கரை ஊரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் நூற்றுக்கு எழுபதைத் தாண்டி நிற்கிறது. வில்லைப் பூஞ்சணத்துக்கு அதுவே போதும். நைதரசன் அடைத்த ஸ்கோப்பின் உள்ளே அது இலேசில் வராது என்றாலும், வெளி வில்லைகளில் வரும். மலிவு ஸ்கோப்பின் முத்திரை வளையங்கள் தளர்ந்தால் உள்ளேயும் வரும். அது வில்லையின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்து எடுக்க வழியில்லை.

ஸ்கோப் வந்த ஸ்பஞ்ச் பெட்டியிலோ துணிப் பையிலோ நீண்டகாலம் வைக்காதீர்கள். ஸ்பஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அரிசிக்குள் புதைக்கும் வழக்கத்தையும் விடுங்கள், தூசுதான் மிஞ்சும். கமெரா வைத்திருப்பவர்கள் பாவிக்கும் உலர் அலுமாரி இருந்தால் நூற்றுக்கு நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் வைத்தால் போதும். அதற்குப் பணமில்லாவிட்டால், ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, ஒரு சிறிய ஈரமானி, சிலிக்கா ஜெல். இவை மூன்றும் புறக்கோட்டையில் கிடைக்கும். ரைபிளிலிருந்து கழற்றாமல் வைக்க வேண்டியவர்கள் வில்லை மூடிகளைப் பூட்டும் முன், மழையில் நனைந்த நாளென்றால், வீட்டுக்குள் மின்விசிறியின் கீழ் இரண்டு மணிநேரம் திறந்து வையுங்கள். ரைபிளை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைப்படி பூட்டி வைப்பதை இதற்காகக் கைவிட வேண்டாம். கூட இருந்து உலர்த்துங்கள். நிறுத்திய காருக்குள் வெயிலில் விடவே கூடாது.

துடைப்பதற்குச் சாரத்தின் நுனியும் சேர்ட்டின் நுனியும் வேண்டாம். முதலில் ஊதும் ரப்பர் பந்தால் மணலை அகற்றி, மென்தூரிகையால் தட்டி, அதன்பிறகே வில்லைத் துணி. கடற்காற்றில் வரும் உப்பு மணல் துணியில் சிக்கினால் அது அரத்தாள்தான்.

சிலிக்கா ஜெலில் செம்மஞ்சள் நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் குளோரைட்டு இருப்பதால் சமையல் அடுப்புக்குள் வைத்து உலர்த்துவது நல்லதல்ல. பச்சையானதும் ஒரு தட்டில் பரப்பி 120 பாகையில் இரண்டு மணிநேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். அண்ணை இதைப் போயா நாளுக்கு வைத்திருக்கிறார். ரேஞ்ச் இல்லாத நாள், வீட்டில் எல்லோரும் இருக்கும் நாள். காலையில் தட்டை அடுப்பில் வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து, தன் பழைய 4×32 ஸ்கோப்பை எடுத்து, டோச் லைட்டைச் சரிவாகப் பிடித்து இரண்டு பக்கமும் பார்ப்பார். போன போயாவுக்கு நானும் என் 4-12ஐ எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இரண்டு வில்லைகளும் துப்புரவாக இருந்தன.